ஜப்பானிய போஸ்டர்களை ரசிப்பதிலும் வாங்குவதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பானிய போஸ்டர் என்றதுமே வெற்றிடம், ஒற்றை வட்டம், 'ஜென் எளிமை' என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பலரும் செய்யும் முதல் தவறு இது. 1965-இல் டோக்கியோவில் நடந்த 'பெர்சோனா' கண்காட்சிக்குத் தடானோரி யோகூ செய்த போஸ்டரில் வெற்றிடத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பின்னால் சூரியக் கதிர்கள், மேலே மூலையில் ஃபூஜி மலையும் புல்லட் ரயிலும், நடுவே கையில் ரோஜாவோடு தூக்கில் தொங்கும் மனிதன். எளிமையை வேண்டுமென்றே உதறிய வேலை இது.

எளிமையான போஸ்டரையும் ஒரே பார்வையில் கடந்துவிடக் கூடாது. டோக்கியோ ஒலிம்பிக்குக்காக யூசாகு காமெகுரா 1961-இல் செய்த போஸ்டரில் பெரிய சிவப்பு வட்டம், அதன் கீழ் தங்க நிற வளையங்கள். இரண்டும் முட்டிக்கொள்ளும் அளவுக்கு நெருங்கி நிற்கின்றன. வளையங்களை விரலால் மறைத்துப் பாருங்கள்: வட்டத்தின் பாரமே குறைந்துவிடும். இடைவெளி சற்றுக் கூடியிருந்தாலும் அந்த இறுக்கம் கிடைத்திருக்காது.

ஃபோனில் மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது அடுத்த தவறு. இவற்றில் பல 728 × 1030 மி.மீ. அளவுள்ள பி1 தாளுக்காக வரையப்பட்டவை. ஷிகேயோ ஃபுகுடாவின் 'விக்டரி 1945' (1975) மஞ்சள் பின்னணியில் ஒரு கறுப்புப் பீரங்கிக் குழல், ஒரு குண்டு, அவ்வளவுதான். வேகமாகத் தள்ளிவிட்டால் பீரங்கி சுடுவதாகவே தோன்றும். குண்டின் கூர்முனை குழலை நோக்கித் திரும்பியிருப்பதைக் கவனித்தால்தான் போருக்கு எதிரான சேதி புரியும். கண்காட்சியில் முதலில் ஐந்து மீட்டர் தள்ளி நின்று பாருங்கள், பிறகு அரை மீட்டருக்கு வாருங்கள்.

வாங்குபவர்கள் சறுக்குவது அச்சு முறையில். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸைத் தாளின் மேல் வையுங்கள். ஸ்கிரீன் பிரிண்டில் (வலைத்துணி வழியாக மையைத் தள்ளி அச்சிடும் முறை) ஒரே நிறம் பரவிய இடத்தில் மை புள்ளியில்லாமல் அழுத்தமாகப் படிந்திருக்கும். நான்கு நிற ஆஃப்செட்டில் (தகட்டிலிருந்து ரப்பர் உருளை வழியாக மை தாளுக்கு மாறும் இயந்திர அச்சு) அங்கேயும் பொதுவாகப் பூப்போன்ற புள்ளிக்கூட்டம் தெரியும். ஸ்கிரீன் பிரிண்ட் என்று விற்கும் தாளில் அப்படித் தெரிந்தால் அது பெரும்பாலும் மறுஅச்சு. புகைப்படப் பகுதியை வைத்துச் சோதிக்காதீர்கள். ஸ்கிரீன் பிரிண்டிலும் அங்கே புள்ளிகள் இருக்கும். அசலே ஆஃப்செட்டில் அச்சானதும் உண்டு என்பதால், அது எந்த முறையில் அச்சானது என்பதை முதலில் விசாரியுங்கள்.

சட்டம் (ஃபிரேம்) போடும்போதுதான் உண்மையான சேதம் நடக்கிறது. சர்வதேச பி1 அளவு 707 × 1000 மி.மீ.; ஜப்பானிய பி1 அதைவிட 21 மி.மீ. அகலம், 30 மி.மீ. உயரம் கூடுதல். பி1 சட்டம் என்று கேட்டு வாங்கிவந்து, தாள் உள்ளே போகவில்லை என்றதும் ஓரத்தை நறுக்கிவிடுகிறார்கள். ஓரத்திலுள்ள சிறிய எழுத்துகள் போவதோடு, வடிவமைப்பாளர் கணக்கிட்ட இடைவெளியும் போய்விடும். தாளை அளந்து சட்டம் செய்யச் சொல்லுங்கள். கண்ணாடிக்கும் தாளுக்கும் இடையே 3 மி.மீ. இடம், பின்னால் அமிலமற்ற அட்டை வேண்டும். செலோடேப் வேண்டவே வேண்டாம். சில வருடங்களில் அதன் பசை மஞ்சள் கறையாகத் தாளுக்குள் இறங்கிவிடும்.