காரில் காற்று இரைச்சலா? ஒரு தாள் போதும்

80 கி.மீ. வேகத்தைத் தாண்டியதும் கதவோரம் 'உஸ்' என்று இரைகிறதா? உடனே கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை (பீடிங்) முழுவதையும் மாற்றிக் காசை வீணாக்காதீர்கள். ரப்பருக்கும் கதவுச் சட்டத்துக்கும் நடுவே ஒரு தாளை வைத்து, கதவை மூடி, மெல்ல இழுத்துப் பாருங்கள். இறுக்கமாக வந்தால் நல்லது. வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே பிடிப்பு இல்லை. சாணுக்கு ஒரு முறை வைத்துக் கதவைச் சுற்றி வாருங்கள்.

தாளில் பிடிபடாவிட்டால் மாஸ்கிங் டேப் (எளிதில் உரித்தெடுக்கக்கூடிய காகித ஒட்டுநாடா). முன்கண்ணாடி ஓரம், பக்கக் கண்ணாடியின் (சைடு மிரர்) அடிப்பகுதி, கதவு இடுக்கு என ஒரு முறைக்கு ஓர் இடத்தை மட்டும் ஒட்டி, அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டுங்கள். எதை ஒட்டியதும் சத்தம் அடங்குகிறதோ, கோளாறு அங்கேதான். காது கொடுத்துக் கேட்க இன்னொருவர் உடன் வருவது அவசியம்; ஓட்டுபவரின் கவனம் சாலையில் இருக்கட்டும்.

ரப்பரை மாற்றும் முன் ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். படிந்த மண்கூட இடைவெளி உண்டாக்கும்.