பயன்படுத்திய பெரிய திரை வாங்குவோருக்கு: பிளாஸ்மாவா, புரொஜெக்‌ஷன் எல்சிடியா?

இவ்விரண்டு வகைகளும் இப்போது தயாரிப்பில் இல்லை. பின்புறத்திலிருந்து திரையில் ஒளியை வீழ்த்தும் புரொஜெக்‌ஷன் தொலைக்காட்சிகளைக் கைவிடுவதாக 2007 டிசம்பரில் சோனி அறிவித்தது. பிளாஸ்மாவைப் பானசோனிக் 2013-இலும், சாம்சங்கும் எல்ஜியும் 2014-இலும் நிறுத்த முடிவெடுத்தன. ஆயினும் 42, 50 அங்குலப் பெட்டிகள் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. பழைய விளையாட்டுக் கருவிகளை இணைப்பதற்காகவோ, இரண்டாவது அறையில் படம் பார்ப்பதற்காகவோ அவற்றைத் தேடுவோர் இன்றும் உண்டு. நானும் அப்படித் தேடி, இரண்டு வகைகளையும் வாங்கிப் பயன்படுத்தினேன். அதில் ஓர் இடத்தில் வசமாகச் சறுக்கினேன். அந்த இடத்தைப் பற்றித்தான் கீழே மிகுதியாக எழுதியிருக்கிறேன்.

படி 1: எதை வாங்குகிறோம் என்று உறுதிசெய்தல்

விற்பவர் சொல்லும் பெயரை நம்பாமல், பெட்டியின் பின்புறம் ஒட்டியிருக்கும் மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு தேடிப் பாருங்கள். முன்புறம் கண்ணாடியாகவும், பெட்டி தட்டையாகவும், எடை மிகுந்தும் இருந்தால் அது பெரும்பாலும் பிளாஸ்மா. புரொஜெக்‌ஷன் பெட்டி பின்னோக்கி ஓர் முழம் அளவுக்குப் புடைத்திருக்கும். அதன் திரை பிளாஸ்டிக்கால் ஆனது. ஆனால் புரொஜெக்‌ஷன் என்பதால் மட்டும் அது எல்சிடி ஆகிவிடாது. நுண்ணிய ஆடிகளால் படத்தை உருவாக்கும் டிஎல்பி வகையும், மூன்று படக்குழாய்கள் கொண்ட இன்னும் பழைய வகையும் உண்டு. அவற்றின் கோளாறுகள் வேறு என்பதால் இங்கே அவற்றை விட்டுவிடுகிறேன்.

இரண்டும் இயங்கும் விதத்தைச் சுருக்கமாகச் சொன்னால் பின்வரும் படிகள் எளிதில் விளங்கும். பிளாஸ்மாவில் ஒவ்வொரு நுண்ணறைக்குள்ளும் நியான், செனான் வாயுக்களின் கலவை இருக்கும். மின்சாரம் பாயும்போது அது புறஊதாக் கதிரை வெளியிட, அறையின் சுவரில் பூசப்பட்ட பாஸ்பர் சிவப்பாகவோ பச்சையாகவோ நீலமாகவோ ஒளிரும். புரொஜெக்‌ஷன் எல்சிடியில் பாதரச ஆவி விளக்கு ஒன்றின் வெள்ளொளி, சிறப்புக் கண்ணாடிகளால் மூன்று நிறங்களாகப் பிரிக்கப்பட்டு, நிறத்துக்கு ஒன்றாக மூன்று சிறிய எல்சிடி தகடுகளின் வழியே சென்று, பட்டகத்தில் மீண்டும் ஒன்றுசேர்ந்து, லென்சையும் பெரிய ஆடியையும் கடந்து திரையின் பின்புறத்தில் விழுகிறது.

படி 2: அறையின் ஒளியும் இருக்கையின் உயரமும்

பெட்டியைப் பார்க்கப் போவதற்கு முன் அதை வைக்கவிருக்கும் அறையைப் பாருங்கள். பிளாஸ்மாவின் கண்ணாடியில் எதிரிலுள்ள சன்னல் அப்படியே தெரியும். புரொஜெக்‌ஷன் திரையில் அவ்வளவு பிரதிபலிப்பு இராது; ஆனால் விளக்கின் ஒளியை எல்சிடி தகட்டால் முழுமையாக மறிக்க முடியாது என்பதால், இருட்டறையில் அதன் கறுப்பு சாம்பல் நிறமாகவே தெரியும். இரவில் விளக்கணைத்துப் படம் பார்ப்பவருக்குப் பிளாஸ்மாதான் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

உயரத்தைப் பலரும் கவனிப்பதில்லை. புரொஜெக்‌ஷன் திரை தன் ஒளியைப் பக்கவாட்டில் ஓரளவு பரப்பும். மேலும் கீழுமாகக் குறைவாகவே பரப்பும். நாற்காலியில் இருந்து பார்க்கும்போது பளிச்சென்று இருக்கும் படம், எழுந்து நின்றாலும் தரையில் பாய் விரித்துப் படுத்தாலும் மங்கிவிடும். ஆகவே உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்தில் திரையின் நடுப்பகுதி அமையுமா என்று அளந்துகொள்ளுங்கள். பிளாஸ்மாவில் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஏறத்தாழ ஒரே படம்தான்.

படி 3: திரையில் என்ன ஓடப்போகிறது?

நாள் முழுவதும் செய்தி அலைவரிசை ஓடும் வீட்டிலும், கணினியை இணைக்கும் வீட்டிலும் பிளாஸ்மாவை நான் பரிந்துரைக்க மாட்டேன். அசையாத எழுத்துப் பட்டையும் அலைவரிசைச் சின்னமும் ஒரே இடத்தில் நெடுநேரம் நின்றால், அங்குள்ள பாஸ்பர் மற்ற இடங்களைவிட வேறு அளவில் தேய்ந்து, நிலையான நிழல் படிந்துவிடும். புரொஜெக்‌ஷன் எல்சிடிக்கு இந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

தொலைவையும் கணக்கிட வேண்டும். தொடக்ககாலப் பிளாஸ்மாக்கள் பல 852×480 பிக்சல் கொண்டவை. 42 அங்குலத் திரையில் அதன் ஒவ்வொரு பிக்சலும் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும் என்பதால், ஏறத்தாழ மூன்றரை மீட்டருக்குள் உட்கார்ந்தால் புள்ளிகள் கண்ணில் படும். 50 அங்குலத்தில் 1920×1080 என்றால் இரண்டு மீட்டரே போதும்.

படி 4: ஒற்றை நிறச் சோதனை

நான் சறுக்கியது இங்கேதான். முதலில் வாங்கிய புரொஜெக்‌ஷன் பெட்டியை, விற்றவர் ஓட்டிய வண்ணமயமான படத்தை வைத்தே மதிப்பிட்டேன். படம் அருமையாக இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள், பனிபடர்ந்த மலைக்காட்சி ஒன்றில், திரையின் வலப்புறம் தேநீர் சிந்தியதுபோல் ஒரு மஞ்சள் கறை தெரிந்தது. விளக்கு பழையதாகிவிட்டது என்று நானே முடிவுகட்டி, புதிய விளக்கு வாங்கிப் பொருத்தினேன். திரை முழுவதும் பளிச்சென்று ஆனது. கறையும் சேர்ந்து பளிச்சென்று தெரிந்தது.

விளக்கு தேய்ந்தால் திரை முழுவதும் சீராக மங்கும். ஓரிடத்தில் மட்டும் நிறம் மாறியிருந்தால் குற்றம் விளக்கில் இல்லை. ஒளி கடந்து செல்லும் பாகங்களில் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் வெப்பமும் கடும் ஒளியும் பட்டு, எல்சிடி தகட்டை ஒட்டிய போலரைசர் படலம் (ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் கடத்தும் மெல்லிய ஏடு) கெட்டுப்போகும்; நீல ஒளியின் பாதையில் இருப்பது பெரும்பாலும் முந்திக்கொள்ளும். நீலம் குறைந்த வெள்ளை, மஞ்சளாகத்தானே தெரியும்! இந்த எளிய கணக்கு அன்று எனக்குத் தோன்றவில்லை. ஒளியியல் பகுதியை மாற்றித்தான் இதைச் சரிசெய்ய முடியும். இத்தனை ஆண்டுகளுக்குப் பின் அதற்குப் பாகம் கிடைப்பது அரிது.

எனவே வெள்ளை, நடுத்தரச் சாம்பல், கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஆறு நிறங்களில், திரை முழுவதையும் நிரப்பும் ஆறு படங்களைத் தயாரித்து, மடிக்கணினியில் எடுத்துச் செல்லுங்கள். இதற்கென்று செயலிகள் இருந்தாலும், படம் வரையும் எந்த மென்பொருளிலும் ஐந்து நிமிடத்தில் செய்துவிடலாம்; நான் அதையே விரும்புகிறேன், ஏனெனில் செயலிகள் திரையின் ஓரத்தில் பொத்தான்களைக் காட்டி எரிச்சலூட்டும். பெட்டியை இயக்கி அரைமணி நேரம் சூடாகவிட்ட பிறகு ஒவ்வொன்றாகக் காட்டுங்கள்.

புரொஜெக்‌ஷனில் வெள்ளைத் திரையின் மஞ்சள் திட்டு, நீலத் திரையில் கருந்திட்டாகத் தெரிந்தால் பெட்டியை வாங்காதீர்கள். கறுப்புத் திரையில் பச்சையாகவோ சிவப்பாகவோ புகைப்பொட்டு போன்று தெரிந்தால், அது பெரும்பாலும் உள்ளே படிந்த தூசி. நீக்க வாய்ப்பு உண்டு. கறையோ பொட்டோ இல்லாமல் படம் முழுதும் மங்கல் என்றால், விளக்கை மாற்றும் செலவைக் கழித்து விலை பேசலாம்.

பிளாஸ்மாவில் சாம்பல் திரைதான் உண்மையைச் சொல்லும். மூலைகளில் சின்னத்தின் நிழலும், அடிப்பகுதியில் எழுத்துப் பட்டையின் நிழலும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய சதுரப் படத்தையே பல ஆண்டுகள் பார்த்த பெட்டியில் நடுப்பகுதிக்கும் இரு ஓரங்களுக்கும் இடையே கோடு கிழித்ததுபோல் வேறுபாடு தெரியும். நிழல் கண்டவுடன் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். திரை நிறைய அசையும் படத்தை அரைமணி நேரம் ஓட்டி, மீண்டும் சாம்பலைக் காட்டுங்கள். மறைந்தாலோ மங்கினாலோ அது தற்காலிகத் தேக்கம். அப்படியே நின்றால் நிலையான தேய்மானம்.

படி 5: இணைப்புத் துளைகள்

எச்டிஎம்ஐ இருக்கிறதா என்று பாருங்கள். தொடக்ககாலப் பெட்டிகள் சிலவற்றில் அதற்கு முந்தைய டிஜிட்டல் இணைப்பான டிவிஐ மட்டுமே இருக்கும். எச்டிசிபி என்னும் நகலெடுப்புத் தடுப்பு முறையை அந்த டிவிஐ துளை ஏற்காவிட்டால், இன்றைய ஓடிடி கருவிகள் படமே காட்டா.

படி 6: எடுத்துச் செல்லுதல்

பிளாஸ்மாவை வண்டியில் படுக்கவைக்கக் கூடாது. குலுங்கும்போது கண்ணாடித் தகட்டின் நடுப்பகுதி தாங்குதலின்றிக் கிடப்பதால் விரிசல் விழும். நிமிர்த்தியே கட்டி, இரண்டு பேர் தூக்குங்கள். புரொஜெக்‌ஷன் பெட்டியின் எடை அதன் உருவத்துக்குக் குறைவு. ஆனால் திரை எளிதில் கீறல் விழுவது, ஆகவே அதன் மீது எதையும் சாய்க்காதீர்கள். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் இரண்டுக்குமே ஆகாது.

என் தெரிவு

படம் பார்ப்பதற்கென்றால் 2012, 2013 ஆண்டுகளின் பானசோனிக் பிளாஸ்மாவைத் தேடுவேன். 2008-ஐ ஒட்டி வந்த பயனியர் நிறுவனத்தின் குரோ வகைப் பிளாஸ்மா, ஆழ்ந்த கறுப்புக்குப் பெயர் போனதுதான். அதற்காக அத்தனை ஆண்டு கூடுதல் தேய்மானத்தை நான் ஏற்க மாட்டேன். அசையாப் படங்கள் மிகுந்த பயன்பாட்டுக்குக் கறையற்ற புரொஜெக்‌ஷன் கிடைத்தால் எடுத்துக்கொள்வேன். விளக்கு மாற்றும்போது ஃபிலிப்ஸ் அல்லது ஆஸ்ரம் செய்த விளக்கையே நாடுவேன். பெயரில்லாத மலிவு விளக்கு ஒன்று எனக்குச் சில மாதங்களே உழைத்தது.

பின்சேர்க்கை 1: புதிய விளக்கைப் பொருத்திய பின் பெட்டி உயிர்பெறவே இல்லை என்று வாசகர்கள் இருவர் எழுதியிருந்தனர். விளக்கறையின் மூடி முழுமையாக அமர்ந்தால்தான் அழுந்தும் சிறு பாதுகாப்பு சுவிட்ச் ஒன்று அங்கே உண்டு. மூடியைக் கழற்றி, மீண்டும் இறுக்கிப் பொருத்தியதும் ஒருவருக்குச் சரியாகிவிட்டது. மற்றவர் விளக்கின் கண்ணாடியை வெறுங்கையால் தொட்டிருந்தார். விரலின் எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடம் மிகையாகச் சூடேறும் என்பதால், விளக்கு நன்கு ஆறிய பிறகு, துணியால் பிடித்தே மாற்ற வேண்டும். பெட்டியை அணைத்த பின் உள்ளிருக்கும் விசிறி நிற்கும்வரை மின்இணைப்பைப் பிடுங்கவும் கூடாது.

பின்சேர்க்கை 2: மலைப்பகுதியில் வசிக்கும் ஒருவர், கோளாறற்ற பிளாஸ்மா தம் வீட்டில் மட்டும் ரீங்கரிப்பதாகக் கேட்டிருந்தார். உயரமான இடங்களில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால், உள்ளே குறைந்த அழுத்தத்தில் அடைக்கப்பட்ட வாயுவைக் கொண்ட கண்ணாடித் தகடுகள் இறுக்கம் தளர்ந்து அதிர்கின்றன. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2000 மீட்டருக்கு மேல் வசிப்பவர்கள், அந்த மாதிரியின் கையேட்டில் உயர வரம்பு எவ்வளவு என்று பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.