விலங்கியல் சேருமுன் ரெக்கார்டு நோட்டைப் பாருங்கள்

பி.எஸ்சி. விலங்கியல் தேடுபவர்கள் "லேப் நல்லா இருக்குமா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். தவளையை வெட்டிப் பார்த்த காலம் மலையேறிவிட்டது. வகுப்பில் விலங்குகளை அறுப்பதைக் கைவிடச் சொல்லி பல்கலைக்கழக மானியக் குழு 2014-லேயே அறிவித்துவிட்டது. ஆகவே கைப்பழக்கம் வர வேண்டுமானால் களத்தில் இறங்கவைக்கும் கல்லூரியாகப் பார்க்க வேண்டும்.

நேரில் போகும்போது மூன்றாமாண்டு மாணவர் ஒருவரின் ரெக்கார்டு நோட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டுங்கள். முழுக்க சார்ட்டைப் பார்த்து வரைந்த படங்களா, இல்லை தேதி, இடம், நேரம், வெயிலா மழையா என்றெல்லாம் எழுதிய சொந்தக் களக்குறிப்புகளும் இருக்கின்றனவா? ஒருநாள் 'டூர்' போய்விட்டு வகுப்பே ஒரே அறிக்கையைப் பார்த்து எழுதியிருந்தால், இரண்டு நோட்டுகளைப் பக்கத்தில் வைத்தாலே தெரிந்துவிடும். அப்புறம், ஒரு மைக்ராஸ்கோப்பை எத்தனை பேர் பகிர்கிறார்கள் என்றும் விசாரியுங்கள்.

என்னைக் கேட்டால், ரேங்க் பட்டியலைவிட இருப்பிடம் முக்கியம். தாம்பரம் சென்னை கிறித்தவக் கல்லூரிக்கு வளாகத்துக்குள்ளேயே புதர்க்காடு இருக்கிறது. முதுகலையில் கடல் பக்கம் போக நினைப்பவர்களுக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம். பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்தை ஒட்டியே இருக்கிறது, பிச்சாவரம் அலையாத்திக் காடும் தூரமில்லை. காட்டு விலங்குதான் ஆர்வம் என்றால் ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலும் மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரியிலும் வனவிலங்கு உயிரியல் தனிப் படிப்பாகவே உண்டு.

களப்பயணச் செலவு கட்டணத்தில் அடங்குமா, தனியா என்பதையும் சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்.