வல்லூறு எப்ப வந்தது? டவர் பார்ப்பவர்கள் விடும் பிழைகள்

செப்டெம்பர் பிறந்ததிலிருந்து யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பக்கம் மூன்று பெடியள் கழுத்தில் பைனாகுலரோடு நிற்கிறார்கள். பொரி வல்லூறு என்ற வேட்டைப் பறவை போன் டவருக்குத் திரும்பி வருகிறதா என்று பார்க்கிறார்கள். எனக்கு அவர்களைக் காணச் சந்தோஷம். ஆனால் நான் தொடங்கிய காலத்தில் விட்ட பிழைகளையே அவர்களும் விடுகிறார்கள். செம்பருந்தை வல்லூறென்று நினைப்பதெல்லாம் ஒரு மாதத்தில் தானாகத் திருந்திவிடும், அவற்றை விடுகிறேன்.

கூடு தேடுவது

லண்டனிலும் நியூயோர்க்கிலும் உயர்ந்த கட்டடங்களில் இது குஞ்சு பொரிக்கும் காணொளிகளைப் பார்த்துவிட்டு இங்கேயும் கூடு தேடுகிறார்கள். நம்மிடம் வருவது ஆர்க்டிக் தூந்திரத்தில் முட்டையிடும் வகை. அங்கே குளிர் தொடங்கும்போது தெற்கே புறப்பட்டு வருகிறது. கடனீரேரியில் இறங்கும் உள்ளான்களும் நகரத்துப் புறாக்களும் இங்கே அதற்கு இரை. இலங்கையில் முட்டையிடும் வல்லூறு வேறு வகை. அதன் வயிறு செம்மை படர்ந்திருக்கும், சிகிரியா போன்ற செங்குத்துப் பாறைகளில் அடைகாக்கும். மலையே இல்லாத நம் தரையில் டவரும் தண்ணீர்த் தாங்கியும் வந்து போகும் வல்லூறுக்கு உட்கார இடம், அவ்வளவுதான்.

காணாத நாளை எழுதாமல் விடுவது

இதுதான் எனக்கு இன்றைக்கும் பொறுக்க முடியாத பிழை.

போன வருடம் ஒரு தம்பி சைக்கிளில் மூச்சிரைக்க வந்தான். “அண்ணை, வல்லூறு நேற்று வந்திட்டுது!”

“நேற்று வந்ததெண்டு எப்பிடித் தெரியும்?”

“நேற்றுத்தானே கண்டனான்.”

“முந்தநாள் பார்த்தனீயோ?”

பார்க்கவில்லை. அதற்கு முந்திய பத்து நாளும் பார்க்கவில்லை. மழை, பிறகு டியூசன். அந்தப் பத்து நாளில் எந்த நாளும் அது வந்திருக்கலாம். கொப்பியில் “வந்தது” என்று எழுதியிருந்தான். அவனுக்குத் தெரிந்ததோ “கண்டேன்” என்பது மட்டும்.

அவனைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் என் முதல் நாலு பருவக் கொப்பிகளும் அதே மாதிரித்தான். முதல் வருடம் ஒக்டோபர் 23 என்று எழுதியிருந்தேன், இரண்டாம் வருடம் ஒக்டோபர் 9. வல்லூறு இரண்டு கிழமை முந்தி வரத் தொடங்கிவிட்டது என்று நண்பர்களிடம் சொன்னேன், பிள்ளைகளுக்கு ஒரு கூட்டத்திலும் சொன்னேன். பல வருடமாகப் பறவை பார்த்த ஒரு பெரியவர் பொறுமையாகக் கேட்டார்: “முதல் வருடம் கிழமையில் எத்தனை நாள் போனனீர்?” ஞாயிற்றுக்கிழமை மட்டும். இரண்டாம் வருடம் தினமும். முந்தி வந்தது வல்லூறு அல்ல, நான்தான் முந்திப் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். அந்த நாலு பருவமும் எதற்கும் உதவாமல் போயின. போன பருவத்துக்குத் திரும்பிப் போய் யாராலும் பார்க்க முடியாது.

ஆகவே செப்டெம்பர் முதல் நாளிலிருந்தே எழுதுங்கள். “காலை 6.00 – 6.40, வடக்கிலும் கிழக்கிலும் நின்று பார்த்தேன், மேகம், இல்லை.” இந்த ஒரு வரி போதும். அது இருந்தால், பிறகு ஒரு நாள் “கண்டேன்” என்று எழுதும்போது இரண்டு நாளுக்கிடையில் வந்தது என்று சொல்லலாம். போகாத நாளில் “போகவில்லை” என்று எழுதுங்கள். “இல்லை”யும் “போகவில்லை”யும் ஒன்றல்ல. ஐந்து நிமிடம் அண்ணாந்து பார்த்துவிட்டு “இல்லை” போடவும் கூடாது. அன்ரெனாத் தட்டுக்குப் பின்னால் மணிக்கணக்காக அசையாமல் இருக்கக்கூடிய பறவை அது. டவரை ஒரு சுற்றாவது சுற்றிப் பாருங்கள். காகங்கள் ஓரிடத்தையே சுற்றிக் கத்தினால் அங்கே கொஞ்சம் கூட நேரம் நில்லுங்கள்.

வெயிலுக்கு எதிரே நிற்பது

காலையில் டவருக்குக் கிழக்கே, மாலையில் மேற்கே நில்லுங்கள்.

“அதே பறவைதான்” என்பது

செயற்கைக்கோள் கருவி பொருத்திய வல்லூறுகள் வருடாவருடம் ஒரே குளிர்கால இடத்துக்குத் திரும்பியதைக் கண்டிருக்கிறார்கள். அதனால் நம் டவருக்கு வருவதும் பழைய ஆளாக இருக்கலாம். ஆனால் மார்பைப் பாருங்கள். வளர்ந்ததற்குக் கீழ்ப்பக்கம் குறுக்குக் கோடுகள், முதுகு நீலச்சாம்பல். அந்த வருடம் பொரித்த குஞ்சுக்கு முதுகு பழுப்பு, மார்பில் நெடுக்குக் கீற்றுகள். டவரில் பழுப்புக் குஞ்சு இருந்தால் அது போன வருடத்துப் பறவையாக இருக்கவே முடியாது. வளர்ந்ததாக இருந்தால் “இருக்கலாம்” என்று மட்டும் எழுதுங்கள்.

மேலேயே பார்ப்பது

நிலத்தையும் பாருங்கள். வல்லூறு தின்று விட்ட புறாவில் இரண்டு செட்டைகளும் மார்பெலும்போடு ஒட்டியபடி கிடக்கும், சதை இருக்காது. பறவையைக் காணாத நாளிலும் இது நல்ல தடயம். டவர் வேலிக்குள் கிடந்தால் காவலாளியிடம் கேளுங்கள், ஏறிக் குதிக்காதீர்கள்.

படை முகாம் இருக்கும் பக்கம் பைனாகுலரைத் திருப்புவது

வேண்டாம்.

ஏப்ரலில் கொப்பியை மூடுவது

வருகையைக் காத்திருந்து பார்ப்பவர்கள் போவதைக் கவனிப்பதில்லை. கடைசியாகக் கண்ட நாளோடு நிறுத்திவிடாமல், அதற்குப் பிறகும் இரண்டு கிழமை போய் நின்று ஒவ்வொரு நாளும் “இல்லை” எழுதுங்கள். அந்தத் தம்பி இந்த முறை அப்படித்தான் செய்தான். அவன் கொப்பியில் கடைசிப் பதினான்கு வரியும் “இல்லை”தான். அதைக் கேட்டு வாங்கி, முழுவதையும் என் கொப்பியில் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.