பிள்ளையின் பெயரில் நேர்த்திக்கடன்: வீட்டுக்குள் முடிவெடுப்பது எப்படி

ஆடி பிறந்துவிட்டால் சென்னையில் தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றும் பந்தலும் ஒலிபெருக்கியும் வந்துவிடும். அவற்றோடு, ஆண்டு முழுவதும் ஒத்திப்போட்ட ஒரு பேச்சும் பல வீடுகளுக்குள் வந்து உட்காரும். பிள்ளை காய்ச்சலில் கிடந்த ஏதோ ஓர் இரவில் பாட்டியோ அம்மாவோ தெய்வத்திடம் வேண்டிக்கொண்டது நிலுவையில் இருக்கிறது, இந்த ஆண்டாவது தீர்த்துவிட வேண்டும் என்பதே அந்தப் பேச்சு. மொட்டை, காதுகுத்து என்றால் எவருக்கும் தயக்கமில்லை. அலகு, தீமிதி, நாள்கணக்கில் உண்ணாநோன்பு, மருந்தே வேண்டாம் என்ற பிடிவாதம் என்று வரும்போதுதான் வீடு இரண்டு அணியாகிறது. ஒருவர் சாமி குற்றம் என்கிறார், மற்றவர் பிள்ளையின் உடம்பு என்கிறார். இருவரையும் பகைக்காமல் ஒரு முடிவுக்கு வருவது எப்படி என்பதை, இப்படிப்பட்ட சில வீடுகளுக்குள் உட்கார்ந்து பேசிய பழக்கத்தில் எழுதுகிறேன்.

முதலில் கேட்க வேண்டியது, வேண்டிக்கொண்டது யார் என்பதை. கடன் வாங்கியவர் ஒருவர், அடைப்பவர் வேறொருவர் என்றால் பணக் கடனில்கூட நாம் நியாயம் கேட்போம். ராயபுரத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பையனுக்கு ஒன்றரை வயதில் காய்ச்சலோடு வலிப்பு வந்தபோது, ஏழாவது வயதில் அவனுக்கு அலகு குத்துவதாக அவனுடைய ஆயா அம்மனிடம் சொல்லிவிட்டார். ஏழு வயது வந்ததும் பேச்சு தொடங்கியது. "வாய் விட்டுக் கேட்டுட்டேன், குடுக்கலைன்னா ஆத்தா சும்மா விடுவாளா?" என்றார் ஆயா. மருமகள் குரலை உயர்த்தவில்லை. "கேட்டது நீங்க அத்தை. அவனுக்கு அப்போ பேச்சே வரல" என்று மட்டும் சொன்னார். ஆயா வெகுநேரம் வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்துவிட்டு, "அப்போ நான் பால்குடம் எடுத்தா ஏத்துக்குவாளா?" என்று கேட்டார். அந்த ஆடியில் அவர்தான் பால்குடம் சுமந்தார். முன்னால் போன தண்ணீர் லாரி நனைத்துவிட்ட தார்ச்சாலையில், மஞ்சள் வேட்டி கட்டிய பையன் கையில் வேப்பிலைக் கொத்தோடு அவர் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

இந்த உரையாடலில் கவனிக்க வேண்டியது, மருமகள் பக்தியைக் கேள்வி கேட்கவே இல்லை என்பதை. 'மூடநம்பிக்கை' என்ற சொல் வாயிலிருந்து வந்த அடுத்த நொடியில் பெரியவர்கள் காதை மூடிக்கொள்வார்கள், பிறகு என்ன பேசியும் பயனில்லை. வேண்டுதல் உண்மையானது, அது தீர்க்கப்படத்தான் வேண்டும் என்று ஒப்புக்கொண்ட பிறகு, எந்த வடிவத்தில் என்பதை மட்டும் பேச்சுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

வடிவங்களுக்குப் பஞ்சமில்லை. நம் முன்னோர் இந்தச் சிக்கலை நமக்கு முன்பே கண்டு வழியும் வைத்திருக்கிறார்கள். பிள்ளையைக் கோயிலுக்கே விற்றுத் தவிட்டுக்குத் திரும்ப வாங்குகிறோம். உயிரையே கொடுத்ததாகப் பெயர், பிள்ளையோ அதே மடியில் தூங்கிக்கொண்டிருக்கும். கண் பிழைத்ததற்கு வெள்ளிக் கண்மலர் சாத்துகிறோம். எடைக்கு எடை வெல்லமோ அரிசியோ வைத்துத் துலாபாரம் கொடுக்கிறோம். கரும்புத் தொட்டிலில் பிள்ளையைப் படுக்கவைத்துப் பெற்றோர் தோளில் சுமந்து கோயிலைச் சுற்றுகிறார்கள். மாவிளக்கு இருக்கிறது, உப்பும் மிளகும் கொட்டுவது இருக்கிறது. பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலுக்கு நடந்து போய் மெழுகுவத்தி ஏற்றுவதும் இதே வகைதான். இவற்றில் எதிலும் பிள்ளையின் தோலில் ஊசி ஏறுவதில்லை. எனவே மாற்று கேட்பது புதுமை அன்று, வழக்கத்துக்கு உள்ளேயே இருந்து கேட்பதுதான்.

பூசாரியையோ குருக்களையோ முன்கூட்டியே தனியாகப் போய்ப் பாருங்கள், கூட்டத்தில் கேட்காதீர்கள். சில வீடுகளில் பூக்கட்டிப் பார்த்து, அதாவது வெவ்வேறு பூக்களைப் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன் போட்டு ஒன்றை எடுத்து, உத்தரவு வாங்காமல் அசையமாட்டார்கள். அங்கே ஒரு சிறு தந்திரம் உண்டு: 'அலகு வேண்டுமா, வேண்டாமா' என்று ஒருபோதும் பூ வைக்காதீர்கள், தப்பான பொட்டலம் வந்துவிட்டால் மீள வழியில்லை. 'பால்குடமா, மாவிளக்கா' என்று வையுங்கள். எந்தப் பொட்டலம் வந்தாலும் பிள்ளை தப்பித்துவிடும், ஆயாவுக்கும் உத்தரவு கிடைத்துவிடும்.

எதை விட்டுக்கொடுக்கலாம், எதை மறுக்கலாம் என்று பிரிப்பதற்கு எனக்குப் பயன்படும் அளவுகோல் எளியது. செய்தது திரும்பிச் சரியாகிவிடுமா, பிள்ளை வளர்ந்து தானே முடிவெடுக்கும் வரை அது காத்திருக்குமா என்று பார்ப்பேன். மொட்டை மூன்று மாதத்தில் முளைத்துவிடும், அதற்காகச் சண்டை போட வேண்டியதில்லை. செய்ய வேண்டியது ஒன்றுதான்: கத்தியில் போடும் அரை பிளேடை உங்கள் கண்ணெதிரே புதிதாகப் பிரிக்கச் சொல்லுங்கள். முந்தைய தலையின் இரத்தம் பட்ட பிளேடு மஞ்சள்காமாலைக் கிருமிகளைக் கடத்தக்கூடியது என்பதால் இதில் கூச்சப்படக் கூடாது. காதுகுத்தும் அப்படியே. ஆறு, பத்து, பதினான்காவது வாரத் தடுப்பூசிகள் முடிந்த பிறகு வைத்துக்கொள்வதும், ஊசியையும் கம்பியையும் கொதிநீரில் போட்டெடுத்துக் கொடுப்பதும் போதும். என் அக்கா மகளுக்கு இதைச் செய்யாமல் குத்தி, சீழ் பிடித்த காதோடு பத்து நாள் நாங்கள் மருத்துவமனைக்கு நடந்தோம். பிள்ளையின் கன்னத்திலோ நாக்கிலோ அலகு குத்துவதும், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு தீக்குழி இறங்குவதும் இந்த அளவுகோலில் தேறாது. கால் இடறினால் விழுவது இருவரும், வேண்டிக்கொண்டவர் ஒருவர் மட்டுமே.

சுன்னத் இதற்கு நடுவில் நிற்கிறது, அதை நேர்மையாகவே சொல்லிவிட வேண்டும். திரும்பச் சரியாகாத ஒன்று என்பதால், பிள்ளை வளரும் வரை காத்திருக்க வேண்டும் என்று வாதிடுவோர் உண்டு. 2012இல் ஜெர்மனியின் கொலோன் நகர நீதிமன்றம் அதை உடற்காயம் என்றே தீர்ப்பளித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் அந்நாட்டு நாடாளுமன்றம், மருத்துவ முறைப்படி செய்தால் பெற்றோர் இசைவு செல்லும் என்று தனிச்சட்டம் இயற்றியது. திருவல்லிக்கேணியிலும் மண்ணடியிலும் இருக்கும் குடும்பங்களுக்கு நான் சொல்வது, அறுவை மருத்துவரிடம், மரத்துப்போகும் மருந்து கொடுத்து, குடும்பத்தில் எவருக்காவது இரத்தம் உறையாத நோய் உண்டா என்பதைச் சொன்ன பிறகு செய்யுங்கள் என்பதே. சிறுநீர்த் துளை நுனியில் இல்லாமல் கீழ்ப்புறம் இருக்கும் பிறவிக் குறை இருந்தால் கட்டாயம் ஒத்திவைக்க வேண்டும், ஏனென்றால் அந்தக் குறையைச் சரிசெய்ய அதே தோல் தேவைப்படும். பெண் குழந்தையின் பிறப்புறுப்பை வெட்டும் வழக்கம் முற்றிலும் வேறு. அதனால் உடல்நலத்துக்கு எந்தப் பயனும் இல்லை, கேடு மட்டுமே உண்டு என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அதை எதிர்த்த வழக்கு 2018இல் உச்ச நீதிமன்றத்தின் பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது. தீர்ப்பு எதுவாயினும் வீட்டளவில் இதற்கு மறுப்பைத் தவிர வேறு பதில் இல்லை.

நோன்புக்கு மதங்களே விலக்குகள் வைத்திருக்கின்றன. ரமலானில் பருவம் எய்தாத பிள்ளைகளுக்கு நோன்பு கடமையில்லை. நோயாளிக்கும் பயணிக்கும் குர்ஆனே சலுகை தருகிறது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைப் பார்த்து ஆசைப்படும் பிள்ளையை உச்சிப்பொழுது வரை இருக்கவிட்டு, தலைசுற்றலோ சிறுநீர் குறைவோ தெரிந்தவுடன் முறித்துவிடச் சொல்லுங்கள். முதல் வகை நீரிழிவுக்கு இன்சுலின் போடும் பிள்ளைக்கு அந்த அளவுகூட, மருத்துவரைக் கேட்காமல் கூடாது. 2016இல் ஹைதராபாத்தில் 13 வயதுச் சமணச் சிறுமி ஒருத்தி 68 நாள் உண்ணாநோன்பு முடித்த கையோடு இறந்துபோனாள். அவள் தானாகவே விரும்பினாள் என்று பெரியவர்கள் சொன்னார்கள். ஊரே கூடிப் பாராட்டும் ஒன்றைப் பதின்மூன்று வயதுப் பிள்ளை விரும்பாமல் என்ன செய்யும்?

அம்மை வார்த்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் சென்னையில் நம்பிக்கையும் மருத்துவமும் அடிக்கடி உரசிக்கொள்ளும் இடம் அதுதான். அம்மைப்பால் எனப்பட்ட பெரியம்மைத் தடுப்பு மருந்தைத் தயாரிப்பதற்கென்று 1899இல் தொடங்கிய கிண்டி கிங் நிலையமும் வாசலில் கட்டிய வேப்பிலையும் இந்த ஊரில் ஒன்றாகவே வாழ்ந்து வந்திருக்கின்றன. பெரியம்மை உலகை விட்டே போய்விட்டது. இப்போது வருவது சின்னம்மையும் தட்டம்மையும். வேப்பிலை கட்டுவது, விருந்தாளியை வரவிடாதது, பிள்ளையைத் தனியே படுக்கவைத்து இளநீரும் கூழும் கொடுப்பது ஆகிய எல்லாம் மருத்துவரும் மறுக்காத காரியங்கள். தொற்றும் நோய்க்குத் தனிமையும் நீராகாரமும்தான் வேண்டும். தலைக்குத் தண்ணீர் விடும் நாள் வரை பிள்ளையை வெளியே அனுப்பாதிருப்பதும் நல்லதே, கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்காகும் வரை தொற்று இருக்கும்.

தகராறு இரண்டு இடங்களில் மட்டுமே. நாள்கணக்கில் உடம்பில் தண்ணீர் படாமல் வைத்தால் சொறிந்த கொப்புளங்களில் சீழ் வைக்கும். 'தலைக்கு விடுவது சொன்ன நாளில்தான், அதுவரை வெதுவெதுப்பான நீரில் உடம்பை மட்டும் நனைத்துத் துடைக்கிறேன்' என்று சொன்னால் பெரும்பாலான பாட்டிகள் விட்டுவிடுவார்கள். மற்றது, 'அம்மன் வந்திருக்கும்போது ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது' என்பது. இதற்கு நாள் பார்க்கக் கூடாத அறிகுறிகளை முதல் நாளே வீட்டில் பேசி வைத்துவிடுங்கள்: மூச்சிரைப்பு, நிற்காத வாந்தி, எழுப்பினாலும் எழாத மயக்கம், வலிப்பு, பால் குடிக்க மறுப்பது. இவற்றில் ஒன்று வந்தாலும் 108ஐ அழைத்து எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ பக்கத்து மருத்துவமனைக்கோ போக வேண்டும், மடியில் வேப்பிலையை வைத்துக்கொண்டே போகலாம், அதை யாரும் தடுக்கப்போவதில்லை. பச்சிளங்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் சின்னம்மை என்றால் அறிகுறிக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம். காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் மட்டும் எந்தக் காரணத்துக்கும் கொடுக்காதீர்கள். சின்னம்மையோடு அது சேர்ந்தால் மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ஆபத்து உண்டு. தட்டம்மைக்கான தடுப்பூசியை ஒன்பதாவது மாதத்திலும் ஒன்றரை வயதையொட்டியும் மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகப் போடுகிறார்கள்.

வீட்டுப் பேச்சில் சட்டத்தை முதலில் எடுக்காதீர்கள். ஆனால் தெரிந்து வைத்திருங்கள். மதச் சுதந்திரத்தைத் தரும் அரசியலமைப்பின் 25ஆவது உறுப்பு, தன் முதல் வரியிலேயே பொது ஒழுங்கு, ஒழுக்கம், உடல்நலம் ஆகியவற்றுக்கு உட்பட்டு என்றுதான் தொடங்குகிறது. பெண் குழந்தைக்குக் கோயிலில் பொட்டுக் கட்டித் தேவதாசியாக்குவதும் ஒரு காலத்தில் வேண்டுதலாகவே நடந்தது. முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டசபையில் தொடங்கிய போராட்டம் 1947இல் அதைச் சட்டப்படி நிறுத்தியது. மறுபக்கமும் உண்டு. தேசிய கீதத்துக்கு மரியாதையோடு எழுந்து நின்று, பாட மட்டும் மறுத்த யெகோவா சாட்சிகள் என்ற கிறித்தவப் பிரிவினர் வீட்டுப் பிள்ளைகள் மூவரைப் பள்ளியிலிருந்து நீக்கியது தவறு என்று 1986இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த நம்பிக்கை எவர் உடம்பையும் தொடவில்லை. அதே நம்பிக்கையில் பிள்ளைக்கு இரத்தம் ஏற்ற மறுத்தால் நிலைமை மாறிவிடும். இரத்தம் இல்லாமல் செய்யக்கூடிய சிகிச்சை எது என்று மருத்துவரிடம் முன்னதாகவே கேட்பது பெற்றோரின் உரிமை. உயிர் போகும் நிலை வந்தால் மருத்துவமனை குழந்தைகள் நலக் குழுவையோ உயர் நீதிமன்றத்தையோ நாடலாம். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆவது பிரிவு, பொறுப்பில் உள்ள பிள்ளையைத் தேவையற்ற வேதனைக்கு ஆளாக்குவோருக்கும் வேண்டுமென்றே புறக்கணிப்போருக்கும் மூன்றாண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது. உங்கள் பேச்சு எடுபடாமல், நாளையே பிள்ளைக்குத் தீங்கு நடக்கும் என்ற நிலை வந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழையுங்கள். இரவிலும் எடுப்பார்கள். உறவு முறிந்துவிடுமே என்ற அச்சம் நியாயமானதுதான், பெரும்பாலும் முறியத்தான் செய்யும், சில ஆண்டுகளுக்கு.

கடைசியாக, பிள்ளையே கேட்கும் இடம். பதினான்கு வயதுப் பையன், அப்பாவைப் போல் தானும் அலகு குத்திக் காவடி எடுப்பேன் என்று நிற்பான். அவனுக்கு வேண்டுதல் இருக்கிறது, வாயும் இருக்கிறது, எனவே 'நீ சின்னப் பையன்' என்று துரத்திவிடக் கூடாது. விரதம் இரு, காவடி தூக்கு, கோயில் வரை வெறுங்காலோடு நட, அலகை மட்டும் பதினெட்டு முடிந்த பிறகு நீயே முடிவு செய் என்று சொல்லலாம். அப்பாவும் அந்த ஆண்டு அலகில்லாமல் அவனோடு காவடி எடுத்தால் பையன் ஒப்புக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அப்பா அலகோடு முன்னால் நடந்துகொண்டே மகனுக்கு மட்டும் வேண்டாம் என்று சொன்ன வீட்டில், மறு ஆண்டே பையன் யாருக்கும் தெரியாமல் நண்பர்களோடு போய்க் குத்திக்கொண்டு வந்தான்.