பேஸ் கிட்டார்: மேடையில் விரலா, பிக்கா?

ஃபெண்டர் நிறுவனம் 1951-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த பிரெசிஷன் பேஸில், மிக மெல்லிய ஜி கம்பிக்குக் கீழே ஒரு சின்னக் கட்டையைத் திருகி வைத்திருந்தார்கள். மற்ற விரல்களால் அதைப் பிடித்துக்கொண்டு கட்டைவிரலால் மீட்டுவதற்கு வைத்தது அது. இன்று அப்படி வாசிப்பவர்கள் அபூர்வம். ஆகவே, இரண்டு விரலால் வாசிப்பதுதான் அசல், பிக் (கம்பியை மீட்டும் சின்ன பிளாஸ்டிக் தகடு) என்பது கிட்டார்காரர்களின் குறுக்குவழி என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

அறுபதுகளில் டெட்ராய்ட்டின் மோடவுன் ஸ்டுடியோவில் ஜேம்ஸ் ஜேமர்சன் ஒற்றை ஆள்காட்டி விரலால் வாசித்துக்கொண்டிருந்தார். அதே காலத்தில் லாஸ் ஏஞ்சலஸில் கரோல் கே கெட்டியான பிக்கால் வாசித்தார். இரண்டு பேரும் பதிவு செய்த பாடல்கள் இன்றும் பேஸ் மாணவர்களுக்குப் பாடமாக இருக்கின்றன. மெட்டாலிகாவை எடுத்துக்கொண்டால் கிளிஃப் பர்ட்டன் விரல், அவருக்குப் பின் வந்த ஜேசன் நியூஸ்டட் பெரும்பாலும் பிக், இப்போது இருக்கும் ராபர்ட் ட்ரூஹியோ மறுபடி விரல். ஒரே குழு!

எனவே இரண்டையும் கற்றுக்கொள்ளுங்கள். எந்தப் பாட்டுக்கு எது என்பதைப் பிறகு முடிவு செய்யலாம்.

படி 1: விரல்

கட்டைவிரலைப் பிக்கப்பின் (கம்பிகளின் அடியில் இருந்து அதிர்வை வாங்கும் காந்தப் பெட்டி) மேல் விளிம்பில் சாய்த்து வையுங்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி மீட்ட வேண்டும். கம்பியைக் கொக்கி போட்டு வெளியே இழுக்காதீர்கள். விரல் நுனிச் சதையால் கம்பியின் குறுக்கே தள்ளினால் போதும்.

முக்கியமான விஷயம் இதற்கு அப்புறம்தான். தடித்ததிலிருந்து மெல்லியது வரை கம்பிகளின் வரிசை இ, ஏ, டி, ஜி. ஏ கம்பியை மீட்டிய விரல் காற்றில் நிற்கக் கூடாது. அப்படியே போய் அடுத்த இ கம்பியின் மேல் சாய வேண்டும். இ கம்பி சும்மா அதிர்ந்து முனகுவதை அந்தச் சாய்வே நிறுத்திவிடும். டி, ஜி கம்பிகளுக்கு இறங்கும்போது கட்டைவிரலையும் பிக்கப்பிலிருந்து எடுத்து இ கம்பியின் மேல் வையுங்கள். இதைப் பழக்கத்துக்குக் கொண்டுவரச் சில வாரம் ஆகும், அவசரப்பட வேண்டாம்.

மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 80 பீட்டில் வைத்து, ஒரு பீட்டுக்கு இரண்டு நோட் வீதம் ஒரே கம்பியில் வாசித்துப் போனில் பதிவு செய்யுங்கள். ஹெட்ஃபோனில் கேட்டால் ஒன்றுவிட்டு ஒன்று சத்தம் குறைவது தெரியும். பெரும்பாலும் நடுவிரல்தான் குற்றவாளி. நீளமான விரல் என்பதால் வேறு கோணத்தில் கம்பியைத் தொடுகிறது. மணிக்கட்டைக் கொஞ்சம் திருப்பி இரண்டு நுனியும் ஒரே கோட்டில் வரும்படி செய்தால் சரியாகிவிடும்.

படி 2: பிக்

கடையில் பிக் வாங்கும்போது 0.88 மில்லிமீட்டரிலிருந்து 1.14 வரை ஒன்றிரண்டு வாங்குங்கள். அதைவிட மெல்லியது பேஸின் தடித்த கம்பிக்கு வளைந்துகொடுத்து, நோட்டைவிட 'டிக்' சத்தம்தான் அதிகம் வரும். பெரிய முக்கோண வடிவம் நழுவாது என்பதால் பேஸ் வாசிப்பவர்கள் பலர் அதை விரும்புகிறார்கள். எனக்கும் அதுதான் பிடிக்கும்.

ஆள்காட்டி விரலை மடக்கி, அதன் பக்கவாட்டில் பிக்கை வைத்து, மேலே கட்டைவிரலால் அழுத்துங்கள். நான்கைந்து மில்லிமீட்டர் முனை மட்டும் வெளியே தெரிந்தால் போதும். முனையைக் கம்பிக்குச் சற்றுச் சாய்வாகப் பிடித்தால் மாட்டிக்கொள்ளாமல் வழுக்கிப் போகும். அசைவு மணிக்கட்டிலிருந்து வர வேண்டும். முழங்கையிலிருந்து வந்தால் மூன்றாவது பாட்டிலேயே தோள் வலிக்கும்.

கீழ் அடி, மேல் அடி என மாற்றி மாற்றி வாசிப்பது முதல் பாடம். கீழ் அடி மட்டும் வைத்து வாசித்தால் நோட்டுகள் ஒரே கனத்தில் விழும். ரமோன்ஸ் குழுவின் டீ டீ ரமோன் அப்படித்தான் வாசித்தார். கேட்க எளிதாகத் தெரியும். ஆனால் 180 வேகத்தில் ஒரு பீட்டுக்கு இரண்டு நோட் என்றால் நொடிக்கு ஆறு கீழ் அடி. ஒரு முழுப் பாட்டுக்கு முயன்று பாருங்கள், தெரியும்.

படி 3: வேண்டாத கம்பியை அடக்குதல்

பிக் எடுத்த புதியவர்கள் 'சத்தம் கலங்கலாக இருக்கிறது' என்று ஆம்பைக் குறை சொல்வார்கள். ஆம்ப் பாவம். விரலில் தானாகக் கிடைத்த அந்தச் சாய்வு பிக்கில் கிடையாது, அவ்வளவுதான். அந்த வேலையைக் கை வேறு விதமாகச் செய்ய வேண்டும்.

வலது உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க மேட்டை, வாசிக்காத தடித்த கம்பிகளின் மேல் லேசாக வையுங்கள். மெல்லிய கம்பிகளை இடது கை பார்த்துக்கொள்ளும். ஃபிரெட்டை (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கோடு) ஒட்டிக் கம்பியை அழுத்தும் விரலைக் கொஞ்சம் படுக்க வைத்தால் அதன் அடிப்பாகம் பக்கத்துக் கம்பிகளைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

அதே மேட்டை பிரிட்ஜ் (உடல் பக்கத்தில் கம்பிகள் அமரும் உலோகத் தாங்கி) ஓரத்தில், வாசிக்கும் கம்பியின் மேலேயே வைத்தால் 'தும் தும்' என்று குறுகிய நோட் கிடைக்கும். மில்லிமீட்டர் கணக்கில் முன்னே நகர்ந்தால் நோட் செத்துவிடும், பின்னே போனால் முழுதாக ஒலிக்கும். இந்த இடத்தைத் தேடிப் பிடிக்க ஒரு மாலை முழுவதும் செலவழித்தாலும் தகும். கரோல் கே இதற்காகக் கையை நம்பாமல் பிரிட்ஜ் அருகே கம்பிகளின் மேல் ஃபெல்ட் துணியையே ஒட்டிக்கொண்டார்.

படி 4: இரண்டின் சத்தத்தையும் சமப்படுத்துதல்

வீட்டில் யாரும் இதைச் செய்வதில்லை, மேடையில் மாட்டிக்கொள்வார்கள். நான்கு பார் (தாளச் சுற்று) விரல், உடனே நான்கு பார் பிக், அதே வரியை வாசித்துப் பதிவு செய்யுங்கள். பிக் சட்டென்று முன்னால் குதிக்கும். முதலில் கையின் வேகத்தைக் குறையுங்கள். பிக்கால் ஓங்கி அடிக்க வேண்டிய அவசியமே இல்லை. இன்னும் கூர்மையாக இருந்தால் கிட்டாரிலுள்ள டோன் குமிழைப் பாதி வரை மூடுங்கள். சத்த ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரெஸர் பெடல் உதவும்தான், ஆனால் கை சமப்படாதவரை அது ஒட்டுப்போடும் வேலையை மட்டுமே செய்யும்.

படி 5: எந்தப் பாட்டுக்கு எது

மெதுவான மெலடி, பாடகரின் மூச்சோடு சேர்ந்து நீளும் நோட்டுகள், நடுநடுவே கம்பியை அடக்கித் தட்டும் ஃபங்க் இசை: விரல். நேராக ஓடும் வேகமான ராக், கிட்டாரோடு சேர்ந்து ஒரே வரி வாசிப்பது: பிக். இது ஆரம்பத்துக்கான கணக்கு. அயர்ன் மெய்டனின் ஸ்டீவ் ஹாரிஸ் குதிரை ஓட்டம் போன்ற அந்த வேக வரிகளை விரலாலேயே வாசிக்கிறார் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அரங்கமும் ஒரு காரணம். இ கம்பியை எங்கும் அழுத்தாமல் மீட்டினால் 41 ஹெர்ட்ஸ், மிகத் தாழ்ந்த ஒலி. கல்யாண மண்டபம் மாதிரி வழவழப்பான சுவரும் உயரமான கூரையும் உள்ள இடத்தில் அந்த அடி ஒலி உருண்டுகொண்டே இருக்கும், நோட் எங்கே தொடங்கியது என்று டிரம்மருக்கே தெரியாது. பிக் கம்பியில் படும் முதல் ஓசை அந்தத் தொடக்கத்தைக் காட்டிக்கொடுக்கும். விரலாலேயே வாசிக்க ஆசையா? கையை நெக் பக்கத்திலிருந்து பிரிட்ஜ் பக்கம் நகர்த்துங்கள். ஒலி இறுகி, தெளிவாகும்.

சவுண்ட் செக்கில் இரண்டு விதத்திலும் வாசித்துக் காட்டுங்கள். விரலை மட்டும் கேட்டு லெவல் வைத்த சவுண்ட் இன்ஜினியர், நடுக் கச்சேரியில் நீங்கள் பிக் எடுத்ததும் ஃபேடரை (சத்த அளவை மாற்றும் நெம்புகோல்) கீழே இறக்குவார். அடுத்த பாட்டில் விரலுக்குத் திரும்பும்போது உங்கள் பேஸ் காணாமல் போயிருக்கும்.

படி 6: மேடையில்

நின்றுகொண்டே பயிற்சி செய்யுங்கள். ஸ்ட்ராப்பை இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டால் பிக்குக்குப் பரவாயில்லை, விரலுக்கு மணிக்கட்டு செங்குத்தாக மடங்கி வலி வரும். இரண்டுக்கும் ஒத்துவரும் உயரத்தைக் கண்டுபிடித்து அதில் நிலைத்துவிடுங்கள். பதற்றத்தில் எல்லோரும் ஓங்கி வாசிப்போம், கொப்புளம் அங்கேதான் வரும். ஆம்பைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு மெல்ல வாசிப்பது நல்லது.

பாட்டின் நடுவே மாற வேண்டுமா? பிக்கை மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் அடியில் உள்ளங்கையோடு மடக்கிக்கொள்ளுங்கள், மீட்டும் இரண்டு விரல்கள் சுதந்திரமாகிவிடும். திரும்ப எடுக்க ஒரு பீட் இடைவெளி வேண்டும், அதைப் பாட்டிலேயே எங்கே என்று முன்கூட்டிக் குறித்துவையுங்கள். வியர்வையில் பிக் நழுவினால் பிடிக்கும் பகுதியை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கலாம். அப்படியும் விழும். மைக் ஸ்டாண்டில் மாட்டும் பிக் ஹோல்டரில் மூன்று நான்கு செருகி வையுங்கள். விழுந்ததைக் குனிந்து தேடாமல், அடுத்தது கைக்கு வரும்வரை விரலாலேயே தொடருங்கள்.