காட்டுப் பாதையில் முதல் சவாரி: முதலில் டயரைக் கவனியுங்கள்

போன ஞாயிறு காலை, சிங்கப்பூர் செஸ்ட்நட் இயற்கைப் பூங்காவின் கார் நிறுத்துமிடம். ஒரு தம்பி தன் புது எம்டிபிக்கு (மலைப்பாதை சைக்கிள்) காற்றடித்துக்கொண்டிருந்தார். உடம்பின் எடை முழுவதையும் பம்பின் மேல் போட்டு அடித்தார். கட்டைவிரலால் டயரை அழுத்திப் பார்த்தார். டயர் அசையவில்லை. முகத்தில் அப்படி ஒரு திருப்தி. "கல்லு மாதிரி இருக்குண்ணா" என்றார். எனக்கு வலது மணிக்கட்டு வலிக்கிற மாதிரி இருந்தது.

அந்த வலிக்குக் காரணம் இருக்கிறது, சொல்கிறேன். ஹெல்மெட் போடுங்கள், கையுறை மாட்டுங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது உங்களுக்கே தெரியும். தெரிந்தவர்களும் செய்கிற தவறுகள்தான் என் கவலை. எல்லாமே நான் செய்து பார்த்தவை.

டயரில் காற்று

நம்மில் பெரும்பாலோர் ஊரில் சைக்கிள் கடைக்காரரிடம் "நல்லா அடிங்கண்ணே" என்று சொல்லி வளர்ந்தவர்கள். தார் ரோட்டுக்கு அது சரி. டயர் இறுக்கமாக இருந்தால் மிதிப்பது சுலபம். அந்தப் பழக்கத்தோடு காட்டுக்குள் போவதில்தான் வினை தொடங்குகிறது.

டயரின் பக்கவாட்டில் அதிகபட்சம் 65 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) என்பது போலப் பொறித்திருக்கும். புதிதாக வருகிறவர் அதைப் படித்துவிட்டு 60 வரை அடித்துவிடுவார். லாரிக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் வேக வரம்பு மாதிரிதான் அந்த எண்ணும். அதைத் தாண்டாதே என்று அர்த்தமே தவிர, அந்த வேகத்திலேயே போ என்று அல்ல.

காட்டுப் பாதையில் குறுக்கே வேர்கள் ஓடும். நூற்றுக்கணக்கான சக்கரங்கள் ஏறி இறங்கியதில் மேல்பட்டை தேய்ந்து, மழை பெய்தால் சோப்புக் கட்டி போல் வழுக்கும். காற்று குறைவான டயர் அந்த வேரின் மேல் அமுங்கி, அதைக் கொஞ்சம் கவ்விக்கொண்டு கடக்கும். கல் போன்ற டயர் வேரில் மோதி எகிறும். எகிறிய நேரத்தில் சக்கரம் மண்ணைத் தொடவில்லை. தொடாத சக்கரம் திரும்பாது, நிற்கவும் நிற்காது.

என் முதல் சவாரியில் அதுதான் நடந்தது. முந்தின இரவு மழை. சைக்கிள் வாங்கிய கடையிலேயே 60 அடித்துக் கொடுத்திருந்தார்கள், நானும் சந்தோஷமாக ஓட்டி வந்தேன். சின்ன இறக்கம்தான், ஒரு கால்பந்துத் திடலின் அகலம்கூட இருக்காது. மூன்றாவது வேரில் முன்சக்கரம் இடப்பக்கம் போனது, நான் வலப்பக்கம் போனேன். கையை ஊன்றி விழுந்தேன். கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் ஒரு சின்ன எலும்பு இருக்கிறது. அதில் விரிசல் விட்டால் முதல் எக்ஸ்ரேயில் பல சமயம் தெரியாது. எனக்கும் பத்து நாள் கழித்து எடுத்ததில்தான் தெரிந்தது. எட்டு வாரம் கட்டு. வீடியோ காலில் அம்மாவுக்கு நான் விழுந்தது ஒரு பக்கம், இடது கையால் சாப்பிடுவது அதைவிடப் பெரிய கவலை.

எரிச்சல் இதில் இல்லை. விழுவது சகஜம். கட்டுப் பிரித்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? சைக்கிளின் முன்பக்க சஸ்பென்ஷன் சரியில்லை, அதனால்தான் அப்படி எகிறியது என்று நானே முடிவு கட்டினேன். 600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்துப் புது ஃபோர்க், அதாவது சஸ்பென்ஷன் உள்ள முன்கவை, வாங்கி மாட்டினேன். மறுபடி அதே இறக்கம், அதே ஆட்டம். விழவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இறக்கத்தின் அடியில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது, அறுபது வயதிருக்கும் ஒரு சீனப் பெரியவர் பக்கத்தில் வந்து நிறுத்தினார். புது ஃபோர்க்கை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. குனிந்து முன்டயரை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். வால்வு மூடியைக் கழற்றி, நகத்தால் அழுத்தினார். உஸ்ஸென்று காற்று போனது, போய்க்கொண்டே இருந்தது. "ஐயோ, பஞ்சர் ஆகிவிடுமே" என்று மனதுக்குள் அலறினேன். பின்டயருக்கும் அதே வைத்தியம். மேலே போய் மறுபடி இறங்கச் சொன்னார். அதே வேர்கள்தான், ஆனால் யாரோ மேலே பாய் விரித்து வைத்த மாதிரி இருந்தது. காற்றை இறக்கக் காசே தேவையில்லை. அந்த 600 வெள்ளி இன்றும் உறுத்துகிறது.

சரி, எவ்வளவுதான் வைப்பது? உங்கள் எடை 70 கிலோ, டயர் 2.25 அங்குலம், உள்ளே டியூப் என்றால் முன்னால் 26, பின்னால் 29 என்று தொடங்குங்கள். எடை கூடினால் ஒன்றிரண்டு கூட்டுங்கள். டியூப் இல்லாத டயரில் இன்னும் இரண்டு மூன்று குறைக்கலாம். சில டயர்களில் குறைந்தபட்சமே 35 என்று போட்டிருப்பார்கள். அதற்குக் கீழே போகாதீர்கள், முடிந்தபோது டயரை மாற்றுங்கள். ரொம்பக் குறைத்தாலும் ஆபத்துதான். வேரில் இடிக்கும்போது டயர் முழுக்க நசுங்கி, ரிம்முக்கும் வேருக்கும் நடுவில் டியூப் மாட்டிக்கொள்ளும். கழற்றிப் பார்த்தால் பாம்பு கடித்த மாதிரி பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை. அப்படி ஆனால் அடுத்த முறை இரண்டு பிஎஸ்ஐ கூட்டுங்கள்.

கட்டைவிரலை நம்பாதீர்கள். 30-க்கும் 45-க்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. ஒரே அளவுமானியை எப்போதும் பயன்படுத்துங்கள். அது கொஞ்சம் தப்பாகக் காட்டினாலும் பரவாயில்லை, எப்போதும் ஒரே மாதிரி தப்பாகக் காட்டினால் போதும்.

பிரேக்

ஊர் சைக்கிளில் வலது கைப்பிடிதான் முன்பிரேக். இங்கே சில சைக்கிள்களில் இடது கைப்பக்கம் இருக்கும். புலாவ் உபின் தீவில் வாடகைக்கு எடுக்கிறீர்களா? படகுத்துறைத் தெருவைத் தாண்டும் முன்பே இரண்டையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். இறக்கத்தின் நடுவில் கண்டுபிடிக்கிற விஷயம் இல்லை அது.

ஒரு விரல் போதும். வேருக்கு முன்னால் வேகத்தைக் குறையுங்கள், வேரின் மேல் ஏறும்போது பிரேக்கை விட்டுவிடுங்கள். ஈர வேரின் மேல் பிரேக் பிடித்தால் என்ன ஆகும் என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

சீட்

இறக்கத்துக்கு முன் நாலு விரற்கடை இறக்குங்கள். இறங்கும்போது உட்காராதீர்கள்.

பார்வை

வேரையே பார்த்தால் வேரில்தான் போய் முட்டுவீர்கள்.

வேரைச் சுற்றிப் போவது

பயத்தில் எல்லாரும் செய்வது இது. வேர் வந்ததும் ஓரமாக, புல் மேல் ஒதுங்கிப் போவார்கள். பத்துப் பேர் போனால் அங்கே புது வழி உண்டாகும், மழைத் தண்ணீர் அதில் ஓடி மண்ணை அரிக்கும், அடுத்த மாதம் அங்கேயும் வேர் வெளியே தெரியும். செஸ்ட்நட்டில் சைக்கிளுக்கென்றே 8.2 கிலோமீட்டர் பாதை போட்டு, நடப்பவர்களுக்குத் தனிப் பாதை பிரித்திருக்கிறார்கள். அதை நாமே கெடுப்பானேன்? வேரை நேர் குறுக்காகக் கடந்து போங்கள். சாய்வாகப் போனால்தான் சறுக்கும். பயமாக இருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். நானும் இன்னும் சில இடங்களில் தள்ளிக்கொண்டுதான் போகிறேன். புலாவ் உபினின் கேத்தாம் மலைச் சைக்கிள் பூங்காவில் நீலச் சதுரம், கறுப்பு வைரம் என்று கடினத்துக்கேற்பப் பலகை வைத்திருக்கிறார்கள். முதல் நாளில் கறுப்பு வைரத்தைப் பார்த்தால் நின்று படம் எடுத்துக்கொள்ளுங்கள், போதும்.

மழை

இடி கேட்டால் திரும்புங்கள். மழை நின்றதும் உள்ளே போகாதீர்கள், ஒரு நாள் பொறுங்கள்.

தண்ணீர்

இரண்டு லிட்டர்.

பிளாஸ்டிக் பை

ஹேண்டில்பாரில் தொங்கவிடாதீர்கள். குரங்குகளுக்குப் பை என்றாலே சாப்பாடு. என் லெமன் சாதம் அப்படித்தான் போனது. ஊறுகாயை மட்டும் திருப்பிப் போட்டுவிட்டுப் போனது.